யாருடைய குருதி?

ஈரலிலே கத்தி வைப்பதற்கு மருத்துவ உலகம் நெடுங்காலம் அஞ்சியே வந்தது. அவ்வச்சத்துக்குக் காரணம் உண்டு. இதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் குருதியில் ஏறக்குறைய நாலிலொரு பங்கு, ஒன்றரை லீற்றர் அளவு, ஈரலினூடாகச் செல்கின்றது. நாடி ஒன்றும், குடலிலிருந்து வரும் வாயில் நாளம் ஒன்றும் அதற்குக் குருதி கொண்டுவருகின்றன. ஈரலின் தசையோ மிக நொய்ந்தது, ஊசியும் நூலும் அதிலே பற்றி நிற்பதில்லை, இழுத்தாற் கிழியும். வெட்டுமுகத்திலே பெருங்குழாய் ஒன்று பீறிட்டால் அதனைக் கட்டிவிடலாம். நூறு நுண்ணிய வாய்களிலிருந்து வியர்வைபோலக் கசியும் குருதியை எந்த நூல் கொண்டு கட்டுவது?

இவ்வினாவுக்கு முதலில் விடை தந்தவை மனிதனின் விரல்களே. கிளாஸ்கோ நகரத்து ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், ஈரலுள் நுழையும் குழாய்களை அவற்றின் வாயிலிலேயே விரல்களால் நெரித்துப் பிடித்துக் குருதிப் பெருக்கை அடக்கும் முறையை 1908இல் எழுதி வெளியிட்டார். அவர் அவ்வாறு காப்பாற்ற முயன்ற நோயாளர் பிழைக்கவில்லை. ஆயினும் அம்முறை இன்றும் உலகெங்கும் கையாளப்படுகின்றது. அவருக்குப் பின் இத்துறையிலே நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய ஆசியர் ஒருவர் உளர். பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின் கீழ் ஹனோயிலே மருத்துவம் பயின்ற தொன் தட் துங், 1930களின் பிற்பகுதியில், இறந்தோரின் இருநூறுக்கு மேற்பட்ட ஈரல்களைத் தம் கையாலேயே சுரண்டிச் சுரண்டி, உள்ளே குழாய்கள் கிளைபிரியும் வழிகளைக் கண்டு வரைந்தெடுத்தார். அவ்வறிவு கைவந்தபின், ஈரலை விரல்களுக்கிடையே நசுக்கி, நசுங்காது எஞ்சி நிற்கும் குழாய்களை ஒவ்வொன்றாகத் தேடிக் கட்டி, நோயுற்ற பகுதியை அகற்றுவது அவருக்கு இயன்றது. விலையுயர்ந்த கருவி ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை. வியட்நாம் விடுதலைப் போர்க்களத்திலும் மருத்துவராக நின்று உழைத்த அவர் 1982இல் மறைந்தார்.

இன்று விரல்களுக்குத் துணையாகப் பசை ஒன்று வந்துள்ளது. உயிரியற் பசை என்பர். அது வேலை செய்யும் முறை எளிதானது. ஒரு பீச்சுகுழாயிலே பைபிரினோஜன் என்னும் புரதம். மற்றொன்றிலே திரொம்பினும் கல்சியமும். இரண்டும் நுனியிற் கலந்து வெட்டுமுகத்தில் விழுந்ததும், பைபிரின் என்னும் நாரிழைகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகிக் கசியும் வாய்களை மூடுகின்றன. வேலி முள் கீறிய விரலிலே இயல்பாக நிகழ்வதும் இதுவே. அங்கே மெல்ல நிகழ்வது இங்கே செறிவாக்கப்பட்டுக் குப்பியில் அடைக்கப்பட்டிருக்கின்றது. சில வாரங்களில் உடல் அதனைத் தானே கரைத்துவிடும். குதிரையின் தசைநாணிலிருந்து பெற்ற கொலாஜன் விரிப்பிலே இப்புரதங்களை உலர்த்திப் பூசி, துணிபோல வைத்து அழுத்தும் வகையும் உண்டு.

இதிலே ஒரு விந்தையைக் கவனிக்க வேண்டும். பைபிரினோஜனை ஆக்குவது ஈரல். திரொம்பினாக மாறும் மூலப் புரதத்தை ஆக்குவதும் ஈரலே. ஆதலின் ஈரல் கெட்டவனுக்குக் குருதி உறைவதும் கெடுகின்றது. மதுவினாலோ வைரசினாலோ தழும்பேறி இறுகிய ஈரலை அறுக்கும்போது கசிவு மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தகையவனுடைய வெட்டுமுகத்திலே பசை பூசப்படுகையில், தன் ஈரல் ஆக்கித் தரத் தவறியதை வேறு மனிதரின் ஈரல்களிலிருந்து அவன் பெறுகின்றான். யார் அந்த வேறு மனிதர் என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட வினா.

குருதியை உறையவைக்கும் பொருள் தேடி மனிதன் போகாத இடமில்லை. கண்ணாடி விரியனின் நஞ்சை மிக நீர்க்கச் செய்து, குருதியுறையா நோயுள்ளவரின் காயத்திலே இட்டால் குருதி நிற்கும் என 1934இல் இங்கிலாந்தில் மக்ஃபர்லேனும் பார்னெற்றும் காட்டினர். புத்தூர்ச் செம்மண் தோட்டங்களிலே இருளோடு நீர் கட்டப் போகும் கமக்காரனைக் கடித்து, அவனுடலிலுள்ள பைபிரினோஜனையெல்லாம் தீர்த்துக் குருதியை உறையாமற் செய்துவிடுவதும் அதே பாம்பின் அதே நஞ்சுதான். (அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றதும், சிறிது குருதியைக் கண்ணாடிக் குழாயிலே இருபது நிமிடம் அசையாமல் வைத்து உறைகின்றதா எனப் பார்ப்பர். இத்தனை எளிய சோதனை இத்தனை உயிர்களைக் காத்திருப்பது மருத்துவத்துக்கே பெருமை.) பின்னர் மாட்டுக் குருதியின் திரொம்பின் வந்தது, பன்றித் தோலின் ஜெலற்றின் வந்தது. இவற்றையிட்டு நோயாளர் கேட்பதுண்டு. சைவக் குடும்பத்தார் மாடா என்பர். முஸ்லிம் குடும்பத்தார் பன்றியா என்பர். கேட்பது அவர்தம் உரிமை. விடை கூறுவது மருத்துவரின் கடமை. ஆனால் பசை மனிதக் குருதியிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டாலோ, அப்பால் எவரும் ஒன்றும் வினவுவதில்லை. மாட்டுக்கும் பன்றிக்கும் நடக்கும் விசாரணை மனிதனுக்கு நடவாமற் போவது ஏன்?

வரலாற்றைச் சிறிது பார்ப்போம். பைபிரின் தூளைக் காயத்தில் இடலாம் என ஜெர்மனியின் பெர்கெல் 1909இலேயே கூறினார். ஆயினும் பைபிரினோஜனைப் பெருமளவிற் பிரித்தெடுக்கும் வழி இரண்டாம் உலகப் போரின்போதே திறந்தது. குருதியிலிருந்து கலங்களை நீக்கினால் எஞ்சும் மஞ்சள் நீர் பிளாஸ்மா எனப்படும். ஹார்வார்ட் பல்கலைக்கழகத்து எட்வின் கோன் அதனைக் குளிரிலே அற்ககோலைக் கொண்டு படிப்படியாகப் பல கூறுகளாக்கினார். முதற் கூறிலே பைபிரினோஜன் கிடைத்தது. போர்க்காலத் தேவைக்கு வேண்டிய குருதியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டியது. போர் முடிவதற்குள் ஒரு கோடியே முப்பது இலட்சம் பைந்துக்கு மேல் மக்கள் கொடுத்தனர். தொழிலாளரும் மாணவரும் வீட்டுப் பெண்களும் வரிசையில் நின்று, ஒரு சதமும் வாங்காது கொடுத்த குருதி அது.

அதே சங்கம் 1941இன் இறுதியிலே கறுப்பு மக்களின் குருதியை ஏற்க மறுத்தது. 1942 சனவரியில் ஏற்க இசைந்தபோதும் அதனைத் தனியே குறியிட்டு ஒதுக்கி வைத்தது. இவ்வழக்கம் 1950இலேதான் ஒழிந்தது. பிளாஸ்மாவைச் சேகரித்துக் காக்கும் முறையை வகுத்த அறிஞருள் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படும் சார்ள்ஸ் ட்ரூ தாமே ஒரு கறுப்பர் என்பதையும் இங்கே சேர்த்து நினைக்க வேண்டும். இதைப் படித்து அமெரிக்கரை எள்ளி நகைக்கும் தகுதி யாழ்ப்பாணத்தாராகிய நமக்கு இல்லை. நமது குடாநாட்டிலே சுண்ணக்கல்லின் கீழ் ஓடும் நீர் ஒன்றே. புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்ப்போர் அந்நீரின் ஆழத்தை வியந்து செல்கின்றனர். எல்லார் கிணற்றிலும் ஊறுவது அந்த நிலத்தடி நீரே. ஆயினும் இன்னார் அள்ளலாம், இன்னார் அள்ளலாகாது என மேலே கட்டிய கற்களால் நாம் விதித்தோம். தேநீர்க் கடைகளிலே தனிக் குவளை வைத்தோம். 1957இலே சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்துக் கோயில் வாயிலில் மக்கள் நின்று போராட வேண்டியிருந்தது.

போர் முடிந்தபின், கொடையாகத் தொடங்கிய பிளாஸ்மா வாணிகமாயிற்று. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மா ஒரே தொட்டியிற் கலக்கப்படுவதால், அவருள் ஒருவரின் நோய் எல்லார்க்கும் பரவும். ஈரலழற்சி இவ்வாறு பரவியது கண்டு அமெரிக்க அரசு 1977இல் பைபிரினோஜன் விற்பனைக்கான அனுமதியை மீளப் பெற்றது. ஈரலின் குருதியை நிறுத்தவல்ல பொருள் ஈரலுக்கே நோய் கொண்டுவந்த கதை இது. ஐரோப்பாவிலே, வியன்னா நகரத்து மருத்துவர் 1970களில் இப்பசையை வளர்த்தெடுத்தனர். வைரசுகளைக் கொல்லும் முறைகள் திருந்தியபின் 1998இல் அமெரிக்காவும் அதனை அனுமதித்தது. ஆகவே தூய்மை பற்றிய பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது எனலாம். தீராதது வேறு.

மத்திய அமெரிக்காவின் நிகரகுவாவிலே, மனாகுவா நகரத்தில், 1970களில் ஒரு பிளாஸ்மா நிலையம் இயங்கியது. சர்வாதிகாரி அனஸ்தாசியோ சொமோசாவுக்கு அதிலே பங்கு இருந்தது. வேலையற்றோரும் வறியோரும் அங்கே படுத்துத் தம் குருதியின் நீரை விற்றனர்; அது வடக்கே கப்பலேறிற்று. மக்கள் அதனைக் காட்டேரியின் வீடு என்று பழித்தனர். 'லா பிரென்சா' நாளிதழின் ஆசிரியர் பேத்ரோ ஹோகின் சமோரோ அந்த வாணிகத்தை அம்பலப்படுத்தி எழுதினார். 1978 சனவரி 10ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொதித்தெழுந்த மக்கள் அந்த நிலையத்தைத் தீயிட்டனர். மறு ஆண்டு சொமோசா நாட்டைவிட்டு ஓடினார்.

இதனை முதலாளித்துவத்தின் கொடுமை என்று மட்டும் எழுதி மைக்கூட்டை மூடிவிடுவது சிலருக்கு எளிது. நாம் அவ்வாறு செய்தல் நேர்மையன்று. சோசலிசப் பெயர் தாங்கிய சீனத்தின் ஹெனான் மாகாணத்திலே, 1990களில், உள்ளூர் அதிகாரிகளின் ஊக்கத்தோடு ஏழை விவசாயிகள் பிளாஸ்மா விற்றனர். பலருடைய குருதியை ஒன்றாகக் கலந்து, பிளாஸ்மாவை எடுத்துக்கொண்டு, எஞ்சிய கலங்களை மீண்டும் அவர்தம் உடலிலே ஏற்றினர். ஊர் ஊராக எயிட்ஸ் பரவிற்று. அதனை வெளிப்படுத்திய முதிய மருத்துவர் காவ் யாவ்ஜியே அதிகாரிகளின் தொல்லை பொறாது நாட்டைவிட்டு நீங்கி, 2023இல் நியூயோர்க்கில் மறைந்தார். கொடி எந்நிறமாயினும், விவசாயியின் நரம்பிலே ஊசி ஏற்றியவன் கண்டது இலாபக் கணக்கையே.

இன்று உலகில் மருந்தாக்கத்துக்குச் சேகரிக்கப்படும் பிளாஸ்மாவிலே மூன்றிலிரண்டு பங்களவு அமெரிக்காவிலிருந்தே வருகின்றது. அங்கே ஒருவர் வாரத்துக்கு இருமுறை பணத்துக்குப் பிளாஸ்மா கொடுக்கச் சட்டம் இடந்தருகின்றது. எல்லைக்கப்பாலிருந்து மெக்சிக்கோ நாட்டவரும் இதற்கென்றே கடந்து வருவதுண்டு. கலங்கள் திரும்பச் செலுத்தப்படுவதால் உடல் விரைவிலே தேறும் என்பது உண்மையே. குருதியைக் கொடுப்பதுபோல மாதக்கணக்கிற் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் வாரத்துக்கு இருமுறை அக்கட்டிலிற் படுப்பவர் யாவர்? வங்கி முகாமையாளர் படுப்பதில்லை.

இவ்விடத்திலே எதிர்வாதம் ஒன்று எழும். அதனை நாம் இலகுவாகத் தள்ளிவிடலாகாது. விற்பவன் தன் விருப்பத்தோடு விற்கின்றான். அவன் வீட்டில் அன்று அடுப்பு எரிகின்றது. நோயாளி உயிர் பெறுகின்றான். இருவருக்கும் நன்மையானதைத் தடுக்க நீர் யார் என்பர். தன் உழைப்பை விற்கும் தொழிலாளியைப் பார்த்து நீர் முகஞ் சுழிப்பதில்லையே. குருதியை விற்பவனைக் கண்டு மட்டும் ஏன் சுழிக்கின்றீர் என்றும் கேட்பர். கூர்மையான கேள்வி. முகஞ் சுழித்தலிலே மேட்டுக்குடியின் அருவருப்பும் கலந்திருக்கக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எமது விடை வருமாறு. விற்பவனிடத்துக் குற்றம் இல்லை. அவனுடைய இசைவு உண்மையானதா என்பதற்கு ஓர் உரைகல் உண்டு: அடுப்பெரிக்க வேறு வழி இருந்திருப்பின் அவன் அங்கே போயிருப்பானா? போயிருக்கமாட்டான் எனின், அந்த இசைவை ஈந்தது அவன் பசி. பசியின் இசைவை மனிதனின் இசைவாகக் கணக்கெழுதுவதே சந்தையின் தந்திரம். மனிதர்க்கிடையிலுள்ள உறவு பண்டங்களுக்கிடையிலான உறவாகத் தோற்றங் காட்டுவதை மார்க்ஸ் 'மூலதன'த்தின் முதல் இயலிலேயே விளக்கினார். பசைக் குப்பியைப்போல அதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை. ஆயிரம் உடல்கள் கலந்து உருவான ஒரு பொருள், எவருடைய உடலிலிருந்தும் வராததுபோல, வெண்மையான பெட்டியிலே விலைச்சீட்டோடு வந்து நிற்கின்றது. உழைப்பை விற்கும் தொழிலாளிக்காவது சங்கம் உண்டு. ஆலைவாயிலிலே கூடிநின்று பேச இயலும். பிளாஸ்மா விற்பவன் தனித்து வந்து தனித்துப் போகின்றான். பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் பெயரையும் அவன் அறியான்.

அப்படியாயின் நமது ஊரைச் சேர்ந்த நோயாளி ஒருவர், சத்திரசிகிச்சைக் கூடத்திலே, இப்பசை வேண்டாம் என்று மறுப்பதா? மறுக்கலாகாது. ஏழையின் துயரம் கலந்த பொருளைத் தொட்டால் என் கை அழுக்காகும் என்னும் எண்ணம் அறம்போலத் தோன்றும். உள்ளே கிளறிப் பார்த்தால், அது கிணற்றடியிலே நாம் கண்ட அதே தீட்டு. தன் தூய்மையைப் பேணுவதற்காக ஒருவன் உயிரை விடுவதால், மெக்சிக்கோவிலிருந்து எல்லை கடந்துவரும் தாய்க்கு யாதொரு நன்மையும் இல்லை. மறுப்பதற்குப் பதிலாகக் கடன்பட்டோம் என்று உணர்வதே ஏற்றது. கடன் என்றால் அதற்குக் கணக்கு உண்டு. திருப்பிக் கொடுக்கும் வழியும் உண்டு.

கணக்கின் முதல் வரி, வீணாக்காமை. இதிலே மருத்துவ அறிஞர் தாமே சில உண்மைகளை வெளிப்படுத்தியுள்ளனர். பார்சிலோனாவிலே, ஈரலிற் பகுதி அகற்றப்பட்ட 300 நோயாளரைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பசை பூசியும் மறு பிரிவுக்குப் பூசாமலும் ஒப்பிட்டு 2007இல் முடிவை வெளியிட்டனர். குருதியிழப்பிலோ பின்வந்த தொல்லைகளிலோ பயனுள்ள வேறுபாடு காணப்படவில்லை. எல்லார்க்கும் பூசுவது நியாயமாகத் தோன்றவில்லை என்றே அவர்கள் எழுதினர். ஒல்லாந்திலே 310 நோயாளரிடம் நடத்திய ஆய்வும் 2012இல், வெட்டுமுகத்தால் விளையும் சிக்கல்களைப் பசை குறைக்கவில்லை எனக் கண்டது. கசிவு சில நிமிடம் முன்னதாக நிற்பதை வேறு ஆய்வுகள் காட்டியுள்ளன, அது பொய்யன்று. தழும்பேறிய ஈரலிலே, கட்டுவதற்குக் குழாயும் அகப்படாது, அழுத்தியும் நில்லாத கசிவுக்கு அந்தச் சில நிமிடங்கள் பெரிது. ஆனால் நல்ல ஈரலை, தேர்ந்த கை, குழாய் குழாயாகக் கட்டி முடித்தபின், பழக்கத்தாலும் விற்பனையாளரின் தூண்டுதலாலும் அதன்மேற் பசையைப் பூசினால், அங்கே வீணாவது பணம் மட்டுமோ? தேவையற்ற ஒவ்வொரு குப்பிக்கும் எங்கோ ஒருவர் தேவையின்றிக் கட்டிலிற் படுத்திருக்கின்றார். தொன் தட் துங் வறுமையினாற் கற்ற கைத்திறனைச் செல்வ நாடுகளும் தள்ளிவிட இயலவில்லை என்பதை எமது மருத்துவ மாணவர் அறிதல் நன்று.

இரண்டாவது வரி, இப்பொருளை யார் ஆக்குவது என்பது. திருவனந்தபுரத்திலுள்ள சிறீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இந்திய அரசுக்குரியது. மனிதப் பிளாஸ்மாவிலிருந்து பைபிரின் பசையை ஆக்கும் முறையை அது தானே உருவாக்கியது. இதய வால்வையும் அவ்வாறே உருவாக்கி, இறக்குமதி விலையிற் சிறு பங்குக்குக் கிடைக்கச் செய்த நிறுவனம் அது. நமக்கு அண்மையில் உள்ள இந்த உதாரணத்தை விட்டு, ஐரோப்பியப் பெட்டிகளின் விலையைச் சொல்லிக் கையைப் பிசைவதிற் பொருளில்லை.

இலங்கை இத்துறையில் வெட்கித் தலைகுனிய வேண்டிய நாடன்று. குருதிக்கொடை விலையின்றியும் விருப்போடும் நிகழ வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 1975இல் தீர்மானித்தது. 2014 முதல் நமது தேசிய குருதி மாற்றுச் சேவை பெறும் குருதி முழுவதும் அவ்வாறு கொடுக்கப்படுவதே. செல்வம் மிக்க பல நாடுகளுக்கு இன்னும் கைகூடாத பேறு இது. பதினெட்டு வயதிலிருந்து அறுபது வயதுவரை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை, கோயில் மண்டபத்திலும் விகாரையிலும் பாடசாலையிலும் மக்கள் படுத்துக் கொடுக்கின்றனர். தெற்கிலே கொடுத்தது வடக்கிலும், வடக்கிலே கொடுத்தது தெற்கிலும் ஏறுகின்றது. உறையின்மேல் குருதி வகை எழுதப்படுகின்றது. சாதியும் இனமும் எழுதப்படுவதில்லை.

ஆயினும் கொடையின் பின்னே சந்தை வந்து நிற்காது என்று எண்ணி உறங்கலாகாது. 2023இல் இந்நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளுக்குத் தரமற்ற மனித இம்யூனோகுளோபுலின் வழங்கப்பட்டதாகப் பெருங் குற்றச்சாட்டு எழுந்தது. அதுவும் பசையைப்போல மனிதப் பிளாஸ்மாவிலிருந்து ஆக்கப்படும் மருந்தே. முன்னர் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2ஆம் நாள் இது தொடர்பிற் கைதுசெய்யப்பட்டார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றமே கூற வேண்டும். ஆனால் குருதியிலிருந்து பிறக்கும் பண்டம் எவ்வழியாகப் போகின்றது என்பதைக் கொடுப்போர் அறியாதிருக்கும்வரை, அவ்வழியில் எவரும் நின்று கை நீட்டலாம் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஆசிரியரும் மாணவரும் இரத்ததான முகாம்களை ஒழுங்குசெய்கின்றனர். படுக்கையும் தேநீரும் தேடிவைத்து, மாலையிலே எத்தனை பைந்து சேர்ந்தது என்று மகிழ்கின்றனர். அந்தத் தொகையோடு நிறுத்தாமல் வேறு சிலவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். கலங்களைப் பிரித்தபின் பிளாஸ்மாவில் எவ்வளவு நோயாளருக்கு ஏறியது, எவ்வளவு எஞ்சியது, எஞ்சியது எங்கே போயிற்று, அதிலிருந்து ஆக்கவல்ல மருந்தை நாம் என்ன விலைக்கு வெளியிலிருந்து வாங்குகின்றோம்? குருதி வங்கியில் உழைக்கும் தாதியரும் மருத்துவரும் இக்கேள்விகளை வரவேற்பர் என்றே நாம் எண்ணுகின்றோம். இக்கணக்கு ஆண்டுதோறும் தமிழிலும் சிங்களத்திலும் அச்சாகி, கொடுத்தோர் கைக்கு வர வேண்டும். அடுத்த முகாமுக்கு நாட்குறிக்கும் பாடசாலைகள் அதனை எழுத்திலே கேட்டு அனுப்பலாம்.